செஞ்சிடலாம் சார்

வாட்ஸ்அப்பில் அவரை எந்தக் குழுவில் சேர்த்தாலும் வெளியேற மாட்டார். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகக் குழுவில் இருக்கிறார். அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்து போனவர்கள் தொடங்கிய குழுவிலும் இருக்கிறார். ஒருமுறை யாரோ எண்ணை மாற்றிப் போட்டு, கர்ப்பிணிப் பெண்களுக்கான தடுப்பூசிக் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். "எடுத்துவுடச் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டேன். "வேணாம்மா. சேத்தவங்க மனசு சங்கடப்படும்" என்றார். ஓய்வு பெற்று, மகனோடு ஓசூருக்குப் போன பிறகும் அந்தக் குழுவில் இருந்துகொண்டு, இரும்புச்சத்து மாத்திரை வந்துவிட்டது என்ற செய்திக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

வில்லியனூர்ப் பக்கத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அவர் மேலாளர். எனக்குச் சொந்த ஊர் உறுவையாறு. கணினியில் தட்டச்சு செய்யத் தற்காலிகமாக எடுத்த ஆள் நான். அந்தத் தற்காலிகம் இன்றுவரை நீண்டுகொண்டிருப்பது வேறு கதை. சார் குள்ளமாக, உருண்டையாக இருப்பார். நெற்றியில் சந்தனம். சட்டைப் பையில் காலையில் நாலைந்து பேனா இருக்கும். மாலையில் ஒன்றும் இருக்காது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவார், திருப்பிக் கேட்க மாட்டார். யார் எந்த வேலையாக வந்து நின்றாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "செஞ்சிடலாம், ஒக்காருங்க."

ஊரில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. இன்னமும் அலுவலகத்தை மேரி என்றே சொல்கிற பிரெஞ்சுக் காலத்துப் பென்ஷன்காரர் ஒருவர் மட்டும், வாசலில் நின்று, "மேரியில செஞ்சிடலாம் இருக்காரா?" என்று சார் விகுதி இல்லாமல் கேட்பார். உள்ளேயிருந்து சார், "இருக்கேன், வாங்க" என்பார்.

கொம்யூனுக்குச் சொந்தமாக ஒரு சமுதாயக் கூடம் உண்டு. ஒரு ஆவணி முகூர்த்தத்துக்கு அதை இரண்டு கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒரே நாள், ஒரே நேரம். இரண்டு வீட்டாரும் வாழைமரத்தோடு வந்து இறங்கியபோதுதான் எங்களுக்கே தெரியும். பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்க, இவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் மேடையில் ஒரு கல்யாணமும், சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு கல்யாணமும் நடந்தன. மேளம் மட்டும் ஒன்றுதான். ஒரு வீட்டுத் தாலி கட்டுக்கு அடித்த கெட்டிமேளத்தில் இரண்டு மாப்பிள்ளைகளும் கட்டிவிட்டார்கள். சார் இரண்டு பந்தியிலும் சாப்பிட்டார். வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை.

அவர் மனைவிக்கு இதில் தீராத மனக்குறை. நாங்கள் அவரை அம்மா என்போம். வெடுக்கென்று பேசுவாரே தவிர, அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று தனியாக ஏதாவது கட்டி எடுத்து வருவார். "கத்திரிக்கா வாங்கினு வாங்கன்னா நாலு கூடையில நாலு தினுசு வாங்கினு வராரு. எந்தக் கூடக்காரப் பொம்பள கூப்டாலும் நின்னுடுவாரு. இந்த மனுஷனுக்குத் தலைய இப்பிடி ஆட்டத் தெரியுமே ஒழிய, இப்பிடி ஆட்டத் தெரியாதும்மா" என்று இரண்டு விதமாகவும் தன் தலையை ஆட்டிக் காட்டுவார். சார் அதற்கும் ஆமாம் என்று தலையாட்டுவார்.

இப்படிப்பட்டவரிடம் மேய்க்கால் நிலம் வந்து சேர்ந்தது.

கடலோரப் பக்கம் போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே வருகிறது. அதனால் நகரத்துக்கு வேண்டிய குடிதண்ணீரில் ஒரு பங்கை எங்கள் பக்கம் ஆற்றங்கரையில் போர் போட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் அப்படி வரிசையாகப் போர்கள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, மாடு மேய்ப்பதற்கென்று விட்ட பொது நிலம். கொம்யூனின் பொறுப்பில் இருந்தது. பகலில் மாடுகள் மேயும். சாயங்காலம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். விடியற்காலையில், யாரும் எழுந்திருக்காத நேரத்தில், செப்டிக் டேங்க் லாரிகள் வந்து வேலிகாத்தான் புதருக்குள் குழாயைத் திறந்துவிட்டுப் போகும். மணல் பூமி. விட்டதெல்லாம் நேரே கீழே இறங்கிவிடும்.

குடிநீர்ப் பிரிவிலிருந்து ஒரு ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர், வந்தார். கடலோர வீராம்பட்டினத்துப் பெண். இளவயது, ஒல்லி, பேச்சில் வேகம். "நெலத்த எங்களுக்கு மாத்திக் குடுங்க சார். வேலி போட்டு, மரம் வெச்சி, மழத்தண்ணி எறங்க ஒரு குட்டையும் வெட்டிடறோம். எங்க ஊர்ல கெணத்துத் தண்ணியில சோறு வேவறது இல்ல. இதுவும் கெட்டுப்போச்சின்னா டவுனுக்கு வேற எடம் இல்ல சார்."

"செஞ்சிடலாம்மா" என்றார் சார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஆணையர் மாற்றலாகிப் போய், அடுத்தவர் வரும்வரை பொறுப்பு சார் தலையில் விழுந்திருந்தது. நிலத்தை மாற்றிக் கொடுக்கக் கொம்யூன் தரப்பில், 'ஆட்சேபணை இல்லை' என்று அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இது அவருக்குப் பிடித்தமான வேலை. அவருக்குச் சொல்லத் தெரிந்த ஒரே 'இல்லை', 'ஆட்சேபணை இல்லை'தான்.

ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் மாட்டுக்காரப் பெண்கள் வந்து, "வேலி கீலி போட்டுடப் போறாங்க சார், நெலத்த வுட்றாதீங்க" என்று கேட்டதற்கும் செஞ்சிடலாம் சொல்லியிருந்தார். பையன்கள் வந்து சிமெண்ட் பிட்ச் போட்டுத் தரச் சொன்னதற்கும் அதே பதில். நாலாவதாக ஒரு செஞ்சிடலாமும் உண்டு. அது அலுவலகத்தில் சொன்னது இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில், கறிச்சோற்றுக்கு முன்னால் சொன்னது. கேட்டவர் அவருடைய மச்சினன், அம்மாவின் ஒரே தம்பி. தன் லாரிகளை நிறுத்த அந்த நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்குத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அந்த லாரிகள் என்ன லாரிகள் என்பது வில்லியனூரில் எல்லோருக்கும் தெரியும்.

"சார், ஒரே நெலத்த நாலு பேருக்குச் சொல்லிக்கிறீங்க" என்றேன்.

"பெரிய நெலம்மா" என்றார்.

அதற்கப்புறம் ஜே.இ. விடவில்லை. அந்த ஆற்றங்கரை ஊரை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று எங்களை இழுத்துக்கொண்டு போனார். சார், அவர், நான். ஊருக்குள் நுழைந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது, சாரின் வயிற்றை நினைத்து. முதல் வீட்டில் மோர் கொடுத்தார்கள்; குடித்தார். அடுத்த வீட்டில் காபி. பிறகு பானகம். பிறகு, வெயிலாயிருக்குது என்று ஒரு வீட்டில் கூழ். ஒவ்வொன்றையும் குடித்துவிட்டு, டம்ளரைக் கொடுக்கும்போது செஞ்சிடலாம் என்றும் சொல்லிவிட்டு வந்தார். பெண்கள் பேசியதெல்லாம் ஒன்றுதான். "டவுன்காரங்க குடிக்கிறதுக்கு எங்க நெலத்தயும் குடுத்துட்டு நாங்க இன்னா பண்றது? எங்க மாட்ட எங்க ஓட்டறது?" ஜே.இ. ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

மேய்க்காலை ஒட்டி இருந்தது கடைசித் தெரு. ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் குழாய் அந்தத் தெரு வரைக்கும் வரவில்லை. வாசலில் அடிபம்பு வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். அங்கே செல்வி என்று ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. எங்களைப் பார்த்ததும் பம்பை அடித்து, ஒரு சொம்பு நிறைய தண்ணீர் பிடித்து, சார் எதிரில் நீட்டினாள்.

ஜே.இ. சொம்பை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நான் வாய் திறப்பதற்குள் சார் அதை வாங்கி, அண்ணாந்து, மடமடவென்று குடித்துவிட்டார். கடைசி வாய் குடிக்கும்போது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் மீதி வைக்கவில்லை.

செல்வி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஐயோ, மோந்து பாக்கறதுக்குக் குடுத்தேன் சார். எப்பிடி நாறுதுன்னு பாக்கட்டும்னு குடுத்தேன். நீங்க குடிச்சிட்டீங்களே."

"பரவால்லம்மா" என்றார் சார். "ஆசையா குடுத்தே."

"ஆசையா எங்க சார் குடுத்தேன்? கோவமா குடுத்தேன்."

ஜே.இ. திரும்பி நின்றுகொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சாரும் கூடவே சிரித்தார்.

மறுநாள் காலை அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

பேதி நின்றபாடில்லை. ஆள் ஒரே நாளில் பாதியாகிவிட்டார். கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பொறுப்பு ஆணையர் படுத்துவிட்டார் என்று தெரிந்து கட்சிக்காரர்கள், காண்ட்ராக்டர்கள், தெருவிளக்கு எரியவில்லை என்கிறவர்கள் எல்லாம் பழக்கூடையோடு வந்து வார்டை நிறைத்தார்கள். ஊசி போட்ட கையை அசைக்காமல், படுத்தபடியே ஒவ்வொருவருக்கும் செஞ்சிடலாம் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து எல்லோரையும் விரட்டினாள். அவளுக்கும் ஏதோ வீட்டு வரி விஷயம் இருந்தது. விரட்டிய கையோடு அதையும் சொன்னாள்.

மச்சினன் இளநீர்க் குலையோடு வந்தார். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், குரலும் அப்படியே. ஆனால் சாரிடம் மட்டும் குழைவாகப் பேசுவார். அக்காவைக் கையில் வைத்துத் தாங்குகிற மனிதர் என்று அவருக்கு ஒரு மரியாதை. தலைமாட்டில் உட்கார்ந்து தானே இளநீரைச் சீவி, குழாய் போட்டுக் கொடுத்தார்.

"இன்னா மாமா சாப்ட்டீங்க? வெளியில எதுனா துன்னீங்களா?"

"தண்ணி குடிச்சேன் மச்சான்."

"எங்க?"

சார் ஊரின் பெயரைச் சொன்னார். மச்சினன் அடுத்த இளநீரைக் கையில் எடுத்து, அதைச் சீவாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "ஒடம்ப பாத்துக்கோங்க மாமா. ஜே.இ. ஊர்க் கூட்டம் போடப் போறாங்களாம். அந்தக் குத்தகைய மட்டும் அதுக்கு முன்னாடி முடிச்சிக் குடுத்துட்டீங்கன்னா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா பக்கத்தில்தான் இருந்தார். "கேட்டுக்கினீங்களா? ஊர்ல போறவன் வரவனுக்கெல்லாம் செஞ்சிடலாம்ங்கிறீங்க. என் கூடப் பொறந்தவன் ஒண்ணே ஒண்ணு கேக்கறான். எங்கப்பா போனதுக்கப்புறம் எனக்குச் சீர் வரிசை செய்யறவன் அவன் ஒருத்தன்தான். அவனாண்ட மட்டும் ஏதாவது எடக்கு மடக்கா பண்ணீங்க, அப்புறம் பாருங்க." அத்தனை வருஷமாக, முடியாது என்று சொல்லத் தெரியவில்லையே என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தவர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பழையபடியே இருந்துவிட வேண்டும் என்று விரும்பினார்.

மத்தியானம் நான் கிளம்பும்போது, கீழே குழந்தைகள் வார்டு வாசலில் செல்வி நின்றிருந்தாள். இடுப்பில் அந்தக் குழந்தை துவண்டு கிடந்தது. பிஞ்சுக் கையில் ஊசியைக் குத்தி, மேலே அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் திரும்ப மாடியேறிப் போய் சாரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்கு என்ன வயசும்மா?"

"ஒரு வயசு முடிஞ்சிருக்கும் சார்."

"நான் ஒரு சொம்புதான் குடிச்சேன்" என்றார். ஏதாவது செய்யலாம், செஞ்சிடலாம் என்று வழக்கம்போலச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. குளுகோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தேறி வந்த பிறகு, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். சார் செஞ்சிடலாம் சொன்ன நாலு தரப்பும் ஒரே அறையில், குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தன. இந்த வேடிக்கையைப் பார்க்கவே அலுவலகத்தில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். மாட்டுக்காரப் பெண்கள் ஒரு பக்கம். பையன்கள் ஜன்னலில். ஜே.இ. வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். முன் வரிசையில் மச்சினன், கூட நாலைந்து ஆட்களோடு.

ஜே.இ. எழுந்து, நிலம் எதற்கு வேண்டும் என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் எழுந்துவிட்டார்கள். "எங்களுக்கு சார் வாக்கு குடுத்துக்கிறாரு." உடனே ஜன்னலிலிருந்து, "எங்களுக்குந்தான்" என்றார்கள். "குடிநீர்ப் பிரிவுக்கும் சொல்லியிருக்கார்" என்று ஜே.இ. மெதுவாகச் சொன்னார். எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். யாரோ சிரிக்க ஆரம்பித்து, அறை முழுவதும் சிரித்தது. சார் எல்லாப் பக்கமும் தலையாட்டிக்கொண்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு ஒவ்வொரு தரப்பாக இறங்கி வந்தது. மாடுகளை உள்ளே விட முடியாது, ஆனால் பெண்கள் உள்ளே வந்து புல் அறுத்துக்கொண்டு போகலாம் என்று ஜே.இ. சொன்னார். அது எழுத்தில் வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள், ஒப்புக்கொண்டார். பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலத்தில் திறந்து விடுவதாகத் தலைமையாசிரியர் சொன்னார். பையன்களுக்கு அது சின்ன மைதானம் என்று குறை. அந்தக் குறை இன்றுவரை இருக்கிறது. செல்வி கடைசியில் எழுந்தாள். "நெலத்த யாருக்கு வேணா குடுங்க. எங்க தெருவுக்கு மொதல்ல கொழாய் போடுங்க. அப்புறம் வேலி போடுங்க." அதற்கு சார், "ஆமாம், அதான் மொதல்ல" என்றார். கூட்டத்தில் அதுவரை எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

மச்சினன் எழுந்தார். எழுந்தபோது பெஞ்சும் கூடவே கொஞ்சம் எழுந்தது.

"வேலியெல்லாம் போடுங்க, மரம் வைங்க, நான் ஒண்ணும் சொல்லல. ரோட்டோரமா எனக்குக் கொஞ்சம் எடம் வுட்ருங்க, வண்டி நிறுத்த. மாமா ஏற்கெனவே சரின்னுட்டாரு."

"வண்டியயா நிறுத்தறீங்க?" என்றாள் செல்வி. "கொழாயத் தொறந்துவுட்டு எங்க அடிவயித்துல ஊத்தறீங்க. என் புள்ள செத்துப் பொழைச்சிருக்குது."

"என் வண்டின்னு யாரு பாத்தா?" குரல் பள்ளிக்கூட ஓடுவரை போனது. "இருட்டுல எவன் வந்து ஊத்தினானோ. யாராவது கண்ணால பாத்தீங்களா? பாத்தவங்க எழுந்து நில்லுங்க."

யாரும் எழவில்லை. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், எல்லோருக்கும் அவரிடம் ஏதாவது ஒரு காரியம் இருந்தது. அப்போது நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சார் எழுந்து நின்றார்.

"நான் குடிச்சேன் மச்சான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"ஒங்க அக்கா ஆஸ்பத்திரியில எனக்குத் துணி அலசிப் போட்டுச்சி. நீ எளநீ வாங்கினு வந்தே. நான் பெரிய ஆளு, தாங்கிக்கினேன்." மேஜையைப் பிடித்துக்கொண்டார். "குத்தகை... வந்து... அந்த நெலத்த..."

அந்தச் சொல் அவருக்கு வரவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். திக்குவாய்க்காரர் ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டது போல, வாய் அசைந்ததே தவிர, சத்தம் வரவில்லை. தலை பழக்கத்தில் மேலும் கீழும் ஆட ஆரம்பித்துவிட்டது. மச்சினன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உட்காரப் போனார். சார் சட்டென்று தன் தலையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"முடியாது மச்சான்" என்றார்.

நிஜமாகவே தலையைப் பிடித்துக்கொண்டார். நான் மிகைப்படுத்தவில்லை.

மச்சினன் அவரையே பார்த்தார். கோபத்தைவிட நம்ப முடியாத பார்வைதான் அதிகம். "சரி மாமா" என்று சொல்லிவிட்டு, ஆட்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார். வாசலில் செருப்பைப் போடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சார் அதற்குள் உட்கார்ந்துவிட்டிருந்தார். ஜே.இ. தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

கடைசித் தெருவுக்குக் குழாய் வந்தது. பிறகு சார் கையெழுத்துப் போட்டார். நிலம் குடிநீர்ப் பிரிவுக்கு மாறியது. வேலிகாத்தானைப் பிடுங்கி, அழுக்கு ஊறிய மண்ணை வாரிக்கொண்டு போய், வேலி போட்டு, வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் நட்டார்கள். லாரிகள் அதற்கப்புறம் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. தூரம், டீசல் செலவு என்று மச்சினன் கண்டவர்களிடமெல்லாம் புலம்பினார். புது ஆணையர் வந்தார்.

சார் மாறிவிடுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஒரு தடவை சொல்லிப் பழகிவிட்டால் அடுத்த தடவை சுலபமாக வரும் என்று எனக்கு நினைப்பு. அடுத்த வாரமே ஒரு காதுகுத்துக்கும் ஒரு கட்சிக் கூட்டத்துக்கும் சமுதாயக் கூடத்தை ஒரே நாளில் கொடுத்து வைத்திருந்தார்.

வீட்டில்தான் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சமைப்பார், போடுவார், துணி மடித்து வைப்பார். பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் என் போனுக்கு வரும். "ஒங்க சாராண்ட சொல்லு, சாயங்காலம் வரும்போது காஸ் புக் பண்ணிட்டு வரணும்னு." சார் என் எதிர் மேஜையில் உட்கார்ந்திருப்பார். நான் சொல்வேன். "செஞ்சிடலாம்னு சொல்லும்மா" என்பார். நான் அதைப் போனில் சொல்வேன். "இதுக்கொண்ணும் கொறச்சல் இல்ல" என்று அம்மா வைத்துவிடுவார். இப்படியே மாதக் கணக்கில் நான் அந்தக் குடும்பத்தை நடத்தினேன்.

தை நெருங்க நெருங்க அம்மாவின் போன் குறைந்துகொண்டே வந்தது. பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் வரிசை வர வேண்டும். கல்யாணமான நாள் முதல் அது தவறியது இல்லை. அப்பா இருந்தவரை அப்பா, பிறகு தம்பி. இந்த வருஷம் வருமா என்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை. சாருக்கு அது தெரிந்திருந்தது. மச்சினன் வீட்டுக்கு அவரே இரண்டு மூன்று தடவை போய்விட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "உள்ள டி.வி. பாக்கற சத்தம் கேட்டுச்சிம்மா" என்று என்னிடம் சொன்னார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

போகியன்று காலை எங்கள் கொல்லையில் வெட்டிய வாழைத்தாரோடு நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலைப் பெருக்கியிருந்தார். பிறகு பார்த்தால் மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தார். சார் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அது முந்தின நாள் பேப்பர்.

வெயில் ஏறிய பிறகு தெருமுனையில் ஒரு குட்டி யானை வண்டி திரும்பியது. பின்னால் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புதுப் பானை, பூசணிக்காய். மச்சினன் வண்டியை வீட்டுக்கு எதிரே நிறுத்தி, எல்லாவற்றையும் தானே இறக்கி, கேட்டுக்கு வெளியே வரிசையாக வைத்தார். தட்டில் புடவை இருந்தது. அம்மா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தார்.

"அக்கா, வரிச வெச்சிக்கிறேன். எடுத்துக்க."

"உள்ள வாடா."

"வரல. நீ எடுத்துக்க."

சார் வெளியே வந்தார். பனியனோடு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி. "உள்ள வா மச்சான். வெயில்ல நிக்காதே."

மச்சினன் கொஞ்சம் யோசித்தார். "முடியாது மாமா" என்றார்.

சார் அந்தச் சொல்லைக் கேட்டு அப்படியே நின்றார். அதைச் சொல்லத்தான் தெரியாது என்று நினைத்திருந்தோம். கேட்டால் என்ன செய்வது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. பிறகு உள்ளே போனார். போயே போய்விட்டார் என்று நான் நினைத்தேன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே, தெருவில், கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் போட்டார். ஒன்றில் தான் உட்கார்ந்தார். இன்னொன்றைக் கையால் தட்டிக் காட்டினார்.

மச்சினன் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "அந்தக் கழிவு சுத்தம் பண்ற எடத்துக்குப் போய்ட்டு வரதுக்கே பாதி நாளு பூடுது மாமா, தெரியுமா?" என்றார்.

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சிதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சிதான் சொன்னேன்."

மச்சினன் உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைக்கில் போனவர்கள் வேகத்தைக் குறைத்து, வளைந்து போனார்கள். உள்ளே எண்ணெய் காயும் வாசனை வந்தது. அம்மா இரண்டு வாழையிலையில் வடையும் பாயசமும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தம்பிக்கு முதலில் கொடுத்தார். மற்ற இலையைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். நான் கவனிக்காத மாதிரி பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலத் தள்ளி வைங்க" என்றார் அம்மா, சாரைப் பார்த்து. "கரும்ப மிதிக்கிறீங்க."